பனியில் கார் நின்ற இடம்

இரவு முழுவதும் பனி கொட்டிய பிறகு காலையில் ஒரு காரை எடுத்துக்கொண்டு போனால், அது நின்ற இடம் மட்டும் நீள்சதுரமாகத் தரையில் மிஞ்சியிருக்கும். சுற்றிவரப் புதுப் பனி, நடுவில் காரின் அளவுக்குப் பழைய பனி, மிதிபட்டு இறுகி, சற்று மங்கலாக. ஒஸ்லோவில் அம்மருட் அடுக்குமாடிகளில் வளர்ந்த எங்களுக்கு இது பார்த்துச் சலித்த காட்சி. சிறு வயதில் அந்தச் சதுரத்துக்குள் ஓடிப்போய் நின்று அதை எங்கள் வீடு என்று சொல்லி விளையாடியிருக்கிறோம். எனக்கு இப்போது நாற்பது வயது நெருங்குகிறது. இன்றும் கார் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்க்காமல் என்னால் எங்கும் புறப்பட முடிவதில்லை. இந்தப் பழக்கத்தை எனக்குத் தந்தவர் என் பெரியம்மா, அம்மாவின் மூத்த சகோதரி.

நாங்களும் பெரியம்மா வீட்டாரும் ஒரே கட்டடத்தில், அடுத்தடுத்த வாசல்களில் இருந்தோம். அவர்கள் வீடு மூன்றாம் மாடி. அதன் பல்கனிக்கு நேர் கீழே கார்த் தரிப்பிடம். யார் எப்போது எங்கே புறப்பட்டாலும் பெரியம்மா பல்கனியில் நின்று வழியனுப்புவார். வழியனுப்புவது என்றால் சும்மா கையசைப்பது என்று நினைத்துவிடக் கூடாது. அவரிடம் அதற்கு ஒரு சட்டமே இருந்தது. "போறன்" என்று யாரும் சொல்லக் கூடாது, "போட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். புறப்படுகிறவரிடம் "எங்கை" என்று வாய்தவறியும் கேட்கக் கூடாது. கேட்டே ஆக வேண்டுமானால் "தூரமோ?" என்று கேட்கலாம். எதையாவது மறந்துவிட்டுப் படியிறங்கியவர் திரும்பி ஏறி வந்தால், சற்று நேரம் இருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்க வேண்டும். புறப்பட்ட பிறகு நிற்கவோ பின்னால் பார்க்கவோ கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிக்கிட்டுப் போகிறவரைப் பின்னால் நின்று கூப்பிடவே கூடாது. வீடு பற்றி எரிந்தாலும் கூடாது என்று பெரியப்பா பகிடி பண்ணுவார்.

தரைமாடியில் ஒரு நோர்வேஜியக் கிழவர் கறுப்புப் பூனை ஒன்று வளர்த்தார். அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாரோ தெரியாது, பெரியம்மாவுக்கு அது கறுப்பன். எங்கள் பயணங்களையெல்லாம் பல வருடங்களாகத் தீர்மானித்தது கறுப்பன்தான் என்று சொன்னால் மிகையில்லை. முக்கியமான காரியத்துக்குப் புறப்படும் நாட்களில் பெரியம்மா முன்கூட்டியே இறங்கிப்போய்க் கட்டடத்தின் பின்பக்கம் ஒரு மீன் துண்டைப் போட்டுவிட்டு வருவார். பூனை அங்கே தின்றுகொண்டிருக்க நாங்கள் முன்பக்கத்தால் புறப்படுவோம். பெரியம்மாவுக்குத் தன் பூனையில் பாசம் என்று அந்தக் கிழவர் கடைசிவரை நம்பினார். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஒரு பெட்டி சொக்லேட் கொண்டுவந்து கொடுப்பார்.

ஒஸ்லோவின் மாரியில், இந்தக் குளிர்காலத்தில், இராகுகாலத்தை எப்படிக் கணிப்பது என்பதில் பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் தீராத வழக்கு ஒன்று இருந்தது. இங்கே சூரியன் சோம்பேறித்தனமாக எழும்பும் நேரத்தை வைத்துக் கணிப்பதா, யாழ்ப்பாணத்தில் அச்சடித்த கலண்டரில் உள்ளபடி நடப்பதா? "இஞ்சை உள்ள ராகுவுக்கு இஞ்சத்தைய நேரம்தானே தெரியும்" என்பார் பெரியப்பா. அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் மனைவியின் சொல்லை ஒருநாளும் மீறியதில்லை. பின்னால் பார்க்காதே என்றால் பார்க்க மாட்டார். இருந்துவிட்டுப் போ என்றால் சப்பாத்தோடு கதிரையின் நுனியில் இருந்து தண்ணீரைக் குடித்துவிட்டு, எனக்குக் கண்ணடித்துவிட்டுப் போவார். அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும். என் அப்பா கறாரான ஆள். சிரிப்பதற்கு நான் பெரியப்பாவிடம்தான் போவேன்.

அவரிடம் ஒரு பழைய நீல நிற ஜப்பான் கார் இருந்தது. எங்கள் ஆட்கள் பலரின் கைமாறி வந்த கார். ஒருவர் லண்டனுக்குப் போகும்போது இன்னொருவருக்குக் கொடுத்தார், அவர் புதுக் கார் வாங்கியபோது பெரியப்பாவுக்குக் கொடுத்தார். அதில் ஒஸ்லோ வந்து இறங்கிய தமிழரில் பாதிப் பேர் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்திருப்பார்கள் என்று பெரியப்பா பெருமையடிப்பார். உள்ளே எப்போதும் விபூதி வாசமும் ஈரச் சப்பாத்து வாசமும் கலந்திருக்கும். மாரியில் இங்கே வீதிகளுக்கு உப்புப் போடுவார்கள். அந்த உப்பு பழைய கார்களின் அடிப்பக்கத்தைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கும். கதவின் கீழ் ஓரங்களில் துரு பொருக்கு வெடித்திருந்தது எல்லோருக்கும் தெரியும். அடியில் ஓடும் மெல்லிய குழாய்களை யார் குனிந்து பார்த்தார்கள்? அந்த மாரியில் வேகமானிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு அவ்வப்போது எரியும். பெரியப்பா விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார், அணைந்துவிடும். "கைப்பிறேக்கின்ரை சுவிட்ச் பிழை" என்பார். வசந்தத்தில் காரைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றிருந்தார்.

அது ஊரில் போர் ஓய்ந்து சமாதானப் பேச்சுகள் நடந்துகொண்டிருந்த காலம். ஊரிலிருந்து தொலைபேசியில் வரும் குரல்கள் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்திருந்தன. ஒஸ்லோவில் வரிசையாகக் கல்யாணங்கள் நடந்தன. பெரியம்மாவின் ஒரே மகளுக்கும், எனக்கு அக்கா, நகரின் தென்பக்கத்து ஹவுகெட்டோவில் மாப்பிள்ளை பேசி முற்றாகியிருந்தது. தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்கு மாப்பிள்ளை வீட்டில் ஒரு சனிக்கிழமை காலை வைத்திருந்தார்கள். பெண்ணின் தாய் பெண்ணோடு வீட்டில் நிற்க வேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். அதனால் பெரியம்மா போகவில்லை. அப்பாவும் மாமாவும் வேறொரு காரில் முன்னரே போய்விட்டார்கள். பலகாரத் தட்டுகளோடு பெரியப்பா போவதாகவும், தட்டுப் பிடிக்கத் துணைக்கு நான் போவதாகவும் ஏற்பாடு. அப்போது நான் மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். முதல் முறையாகச் சேலை கட்டி, அதற்குமேல் பனிக்காலத்து அங்கியைப் போட்டு, அசைய முடியாமல் நின்றது ஞாபகம்.

அன்று பெரியம்மா ஒன்றைக்கூட விடவில்லை. கறுப்பனுக்கு மீன் போட்டாயிற்று. அம்மாவை நிறைகுடத்தோடு எதிரே வரச் செய்தாயிற்று. இராகுகாலம் இரண்டு கணக்கிலும் படாத ஒரு நேரத்தைத் தெரிந்தெடுத்திருந்தார். பெரியப்பா கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டி முடித்து, இயந்திரத்தைச் சூடேறவிட்டு, நான் ஏறியதும் மெல்லக் காரை எடுத்தார். பின் இருக்கையில் பலகாரத் தட்டுகளை அடுக்கியிருந்தோம். என் மடியில் பயற்றம் உருண்டைத் தட்டு, காலடியில் ஒரு தேங்காய். பின்னால் பார்க்கக் கூடாது என்பதால் நான் நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். தரிப்பிடத்தின் வாசலில் பெரியப்பா ஒரு கணம் காரை மெதுவாக்கினார். பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு வீதியில் ஏறினார்.

அம்மருட் மேட்டில் இருக்கிறது. எங்கே போவதென்றாலும் முதலில் பள்ளத்தாக்குக்கு இறங்க வேண்டும். வளைவு தாண்டியதும் வீதி நீளமாகச் சரிந்து, அடியில் ஒரு பாதசாரிக் கடவையில் போய் முடியும். சனிக்கிழமை காலை வெயிலும் எறித்தால் அந்தக் கடவை நிறைய ஆட்கள் நிற்பார்கள், காட்டுக்குப் பனிச்சறுக்கப் போகிறவர்கள், குடும்பம் குடும்பமாக. பெரியப்பா அக்காவின் சிறுவயதுக் குழப்படி ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். வளைவில் வசனத்தின் நடுவில் நிறுத்தினார். அவர் கால் மிதித்ததை நான் கண்டேன். மிதிகட்டை தரையைத் தொட்ட சத்தத்தையும் கேட்டேன். மறுபடி மிதித்தார். மறுபடியும் அதே சத்தம், மரத்தில் தட்டுவது போல.

"பெல்ட் போட்டனியே பிள்ளை?" என்று கேட்டார். குரல் அப்படியே இருந்தது.

"ஓம் பெரியப்பா. என்ன?"

"பிறேக் இல்லை. தட்டைக் கீழை போட்டிட்டு இறுக்கிப் பிடி."

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போது என் தொழிலையும் சொல்ல வேண்டும். நான் இப்போது கார் ஓட்டப் பழக்கும் ஆசிரியை. மாணவர்களுக்கு இதை ஒவ்வொரு வருடமும் சொல்லிக் கொடுக்கிறேன். பிரேக் பிடிக்காமல் போனால் மிதியை விட்டு விட்டு விரைவாக மிதித்துப் பாருங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின்சில்லு வழுக்கும். இயந்திரத்தை அணைக்க வேண்டாம். ஹோர்னை விடாமல் அடியுங்கள். வீதியோரத்துப் பனி வரம்பில் காரை உரசவிட்டு வேகத்தைக் கொல்லுங்கள். பெரியப்பாவுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் லொறி ஓட்டிய காலத்துக் கை அது. மிதித்து மிதித்துப் பார்த்தார். மூன்றாம் கியருக்கு இறக்கினார், கார் முழுதும் குலுங்கி அலறியது. இரண்டுக்கு இறக்கினார். ஹோர்னில் இடது கையை வைத்து அழுத்தியபடி வலது கையால் கைப்பிரேக்கை இழுத்தார். வேகம் குறைந்ததை என் நெஞ்சில் இறுகிய பட்டியில் உணர்ந்தேன். குறைந்தது, ஆனால் போதவில்லை.

கடவையில் ஆட்கள் இருந்தார்கள். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சின்னப் பிள்ளை நடு வீதியில் சறுக்குப் பலகையைப் போட்டுவிட்டு அதை எடுக்கக் குனிந்துகொண்டிருந்தது. வலது பக்கத்துப் பனி வரம்புக்கு அப்பால் நடைபாதை, அதிலும் ஆட்கள். பாடப் புத்தகத்தின்படி பெரியப்பா வலது பக்க வரம்பைத்தான் உரசியிருக்க வேண்டும். அவர் இடது பக்கம் திருப்பினார். எதிரே வாகனம் வரவில்லை. அந்தப் பக்கம் பாறையைக் குடைந்து வீதி போட்ட இடம், பனி மூடி வெள்ளை மேடாகத் தெரிந்தது. குறுக்கே திரும்பும்போது பின்சில்லுகள் வழுக்கின. கார் ஒரு சுற்றுச் சுற்றி, அவருடைய கதவுப் பக்கமாகப் போய் அடித்தது. பனிக்குள் பாறை இருந்தது.

என்னைக் காப்பாற்றவும் தெருவில் நின்றவர்களைக் காப்பாற்றவும் அவர் தன் பக்கத்தைக் கொடுத்தார் என்று பிற்பாடு அஞ்சலிக் கூட்டத்தில் பலர் பேசினார்கள். எனக்கு அது தெரியாது. அந்த இரண்டு மூன்று விநாடிகளில் அவர் என்ன நினைத்தார் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை ஒன்று வீதியில் குனிந்து நின்றதைக் கண்டார், ஆட்கள் இல்லாத பக்கத்துக்குத் திருப்பினார். அவ்வளவைத்தான் நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். கார் நின்றதும் எங்கும் ஒரே அமைதி. பயற்றம் உருண்டைகள் எல்லாம் உடைந்து மாவாகி எங்கள் மேல் கொட்டியிருந்தன. எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. பெரியப்பா முகத்தில் மா அப்பியிருக்க என்னைத் திரும்பிப் பார்த்து, "பிள்ளைக்கு அடிபட்டதே?" என்று கேட்டார். வெளியில் ஓடி வந்த ஆட்களிடம் நோர்வேஜிய மொழியில் மன்னிப்பும் கேட்டார். சிவப்புத் தொப்பிப் பிள்ளை தாயின் காலைக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்தது.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் அவர் நன்றாகக் கதைத்தார். இடுப்பெலும்பும் விலாவும் நொறுங்கியிருந்தன, உள்ளே இரத்தம் கசிந்தது. ஆனாலும் கதைத்தார். பெரியம்மா மருத்துவரிடம் போயிருந்த நேரம், கையைக் கட்டுத் துணியில் தொங்கவிட்டிருந்த நான்தான் பக்கத்தில் இருந்தேன். மருந்து மயக்கத்தில் கண்ணை மூடியபடி சொன்னார்: "பெரியம்மா கையைத் தூக்கினவ. நான் கண்ணாடியிலை கண்டனான். ஏதோ சொல்ல வந்தவ. வெளிக்கிட்டாப் பிறகு நிக்கக் கூடாதெண்டு விட்டிட்டன்." பிறகு லேசாகச் சிரித்து, "நிண்டிருந்தால் பேச்சு வாங்கியிருப்பன்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருந்தில் பிதற்றுகிறார் என்று நினைத்துக் கையைத் தடவிக் கொடுத்தேன். அடுத்த நாள் அவர் கண் விழிக்கவில்லை. அதற்குப் பிறகு சில நாள் இயந்திரங்கள் மூச்சு விட்டன, பிறகு அவையும் நின்றன.

காரைச் சோதித்த பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து அமைதியாக விளக்கினார். பிரேக்குக்கு இரண்டு சுற்றுக் குழாய்கள். ஒன்று எப்போதோ செத்துவிட்டது. சிவப்பு விளக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மற்றதும் துருப்பிடித்துக் கசிந்து, அன்று இறக்கத்தில் வெடித்திருக்கிறது. நான் மொழிபெயர்த்தேன். பெரியம்மா தலையாட்டிக் கேட்டார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள். துருப்பிடித்த குழாய்க்கு விதி என்று பெயர் வைக்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போய், ஆரவாரமில்லாமல் நடந்தது. அக்கா மாப்பிள்ளையோடு துரொண்ட்ஹெய்ம் நகருக்குப் போய்விட்டாள். அந்தக் கல்யாண மண்டபத்தில் பெரியம்மா கடைசி வரிசைக்கும் பின்னால், சமையல் அறைக் கதவோடு ஒட்டி நின்றார். அக்கா அழுது கூப்பிட்டும் முன்னுக்கு வரவில்லை. அவருடைய சட்டப் புத்தகத்தில் விதவை எதிரே வருவதும் ஒரு தீய சகுனம். மற்றவர்களுக்காக அவர் காத்து வந்த சட்டம் இப்போது அவரையே பிடித்துக்கொண்டது. யாரும் அவரை விலகச் சொல்லவில்லை, அவரே விலகினார். அதற்குப் பிறகு எங்கள் கட்டடத்தில் யார் எங்கே புறப்பட்டாலும் பல்கனிக் கதவு மூடியிருக்கும். திரையும் இழுத்துவிட்டிருக்கும். வாசலில் யாராவது சப்பாத்துப் போடும் சத்தம் கேட்டாலே உள்ளறைக்குப் போய்விடுவார். கறுப்பனுக்கும் மீன் போடுவதில்லை. அது சில காலம் பின்பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகும். எனக்கு அவர்மேல் இரக்கமும் ஆத்திரமும் ஒன்றாக வரும். "இதெல்லாம் என்ன பெரியம்மா, இவ்வளவும் பாத்துப் பாத்துச் செய்தும் என்ன கிடைச்சது?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அவர் அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணீர் போட்டார்.

நான் ஏன் கார் பழக்கும் தொழிலுக்கு வந்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் என்னை மருந்தாளர் ஆக்கப் பார்த்தார்கள். பிடிவாதமாக இதைப் படித்தேன். காரணம் சொல்லத் தேவையில்லை. ஆசிரியையாகி, எனக்கென்று ஒரு கார் வாங்கிய முதல் மாரியில், பெரியம்மாவைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போய்த் திரும்பி வந்து அவருடைய குசினியில், அடுப்படி மேசையில் இருந்தேன். தசாப்தம் முடியப்போகிற காலம். ஊரில் போரும் முடிந்து, அங்கேயும் எங்களுக்கு நிறையச் சாவு. யாரும் அதிகம் கதைக்காத மாரி அது. பெரியம்மா எனக்கு முன்னால் பால் விடாத தேத்தண்ணீரை வைத்தார். வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, இந்தப் பிறேக் ஒயில் என்ன நிறம்?" என்று கேட்டார். பிரேக்கில் உள்ள திரவத்தை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பாடம் நடத்திப் பழகிய வாய். யோசிக்காமல் சொன்னேன். "புதுசெண்டால் தேன் மாதிரி இருக்கும் பெரியம்மா. பழசாகினால் கறுத்து, இந்தா, இந்தத் தேத்தண்ணி நிறத்துக்கு வரும்."

அவர் மெல்லக் கதிரையை இழுத்து இருந்தார். பிறகு சொன்னார். பெரியப்பா காரை எடுத்துக்கொண்டு போனதும் கார் நின்ற இடம் பனியில் தெரிந்ததாம். அதன் முன்பக்கத்தில், சில்லு நின்ற இடத்தில், யாரோ தேத்தண்ணீர் ஊற்றியது போல ஒரு கறை இருந்ததாம். அங்கிருந்து தரிப்பிட வாசல்வரை கார் போன வழியெல்லாம் சொட்டுச் சொட்டாகப் பனியில் விழுந்திருந்ததாம்.

"எனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் பாத்த உடனை மனம் திக்கெண்டது. கூப்பிட எண்டு கையைத் தூக்கிப்போட்டன். வாய் வரைக்கும் வந்திட்டுது பிள்ளை. பொன்னுருக்கப் போற மனுசனைப் பின்னாலை நிண்டு கூப்பிடக் கூடாதெண்டு அந்தக் கையாலையே வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான். வாசல்லை அவர் கொஞ்சம் தாமதிச்சவர். ஒரு சத்தம் போட்டிருந்தால் காணும், நிண்டிருப்பார்."

பொலிஸ்காரர் வந்து விளக்கியபோதே அவருக்குப் பாதி விளங்கியிருக்கிறது. நிறத்தை மட்டும் யாரிடமும் கேட்கப் பயந்து அத்தனை வருடமும் கேட்காமல் இருந்திருக்கிறார். ஒருவேளை வேறு ஏதாவது கறையாக இருக்கலாம் என்ற சின்ன இடைவெளியில் அவர் வாழ்ந்துகொண்டிருந்தார். அதை நான் ஒரு வசனத்தில் அடைத்துவிட்டேன். அப்போதுதான் ஆஸ்பத்திரியில் பெரியப்பா சொன்னது எனக்குள் எழும்பி நின்றது. பிதற்றல் என்று நான் ஒதுக்கி வைத்த வார்த்தைகள். சொல்வதா விடுவதா என்று தராசு பிடிக்க எனக்குத் தோன்றவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடி இருக்க முடியாமல் சொல்லிவிட்டேன். கண்ணாடியில் பெரியப்பா அவரைக் கண்டதை, ஏதோ சொல்ல வருகிறார் என்று விளங்கியதை, நிற்கக் கூடாதென்று விட்டதை, ஒரு சொல் மாறாமல்.

பெரியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "கண்டவரோ?"

"ஓம்."

"கண்டிட்டும் நிக்கேல்லையோ?"

அவருடைய முகம் சிவந்து, நான் அதுவரை கண்டிராத ஒரு கோபம் வந்தது. மேசையில் கையால் ஓங்கி அடித்தார், தேத்தண்ணீர் தளும்பிச் சிந்தியது. "மனுசனுக்கு அறிவு வேண்டாமே? நான் ஒரு விசரி, ஆயிரம் சொல்லுவன். கண்டால் நிக்க வேண்டாமே? நிண்டால் நான் என்ன, அடிச்சே போடுவன்?" என்று கத்தினார். செத்தவரோடு சண்டை பிடித்தார். இத்தனை வருடமும் என்னைப் போல ஒரு பாவி இல்லையே என்று தன்னையே தின்றுகொண்டிருந்தவர், கடைசியில் பெரியப்பாவையும் கூட இழுத்து வைத்துப் பேசினார். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். செத்த வீட்டில்கூட அப்படி அழவில்லை. நானும் அழுதேன். யாரும் யாரையும் தேற்றவில்லை.

வெளிச்சம் மங்க முன்னர் நான் எழுந்து சப்பாத்தைப் போட்டேன். வழக்கம்போல அவர் உள்ளறைக்குப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். கீழே இறங்கிக் காரை எடுத்து, வாசலை நெருங்கும்போது மேலேயிருந்து ஒரு குரல் கட்டடங்களுக்கிடையில் இடித்துக்கொண்டு வந்தது.

"நில்லு! எங்கை போறாய்? நில்லு பிள்ளை!"

நின்றேன். கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தேன். பல்கனிக் கதவு அகலத் திறந்திருந்தது. பெரியம்மா சால்வைகூடப் போடாமல் குளிரில் நின்று, கம்பியைப் பிடித்துக் குனிந்து, என் கார் நின்றிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விதவை, எதிரே நின்று, பின்னால் கூப்பிட்டு, எங்கே போகிறாய் என்று கேட்டு. அவருடைய சட்டத்தில் இதற்குமேல் கெட்ட சகுனம் இருக்க முடியாது. அங்குலம் அங்குலமாகப் பனியைப் பார்த்து முடித்தார்.

"ஒண்டுமில்லை. சரி, போட்டு வா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் விட்டு வைக்கவில்லை. அக்காவின் கணவரைக் கூப்பிட்டார், கோயில் ஐயரைக் கூப்பிட்டார், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளைக் கூப்பிட்டார். நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் அவருடைய பல்கனி தெரியாத பக்கமாகக் காரை நிறுத்தத் தொடங்கினார்கள். மனுசிக்குக் கொஞ்சம் தட்டிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அம்மாவே ஒருமுறை கெஞ்சிப் பார்த்தார். "பேசுறவை பேசட்டும். நிண்டு பாத்திட்டுப் போகட்டும்" என்றார் பெரியம்மா. ஏன் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பெரியம்மா போன மாரியில் காலமானார். நித்திரையில், பிரச்சினை இல்லாமல். வீட்டை ஒதுக்கி முடித்து, பூட்டிய திறப்பைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு அக்கா முன்னரே போய்விட்டாள். கடைசிப் பெட்டியை என் காரில் ஏற்றிக்கொண்டு நான் புறப்பட்டேன். இப்போது என்னிடம் இருப்பது மின்சாரக் கார். சத்தமில்லை, புகையில்லை, பிரேக்கில் ஒரு மயிரளவு குறை வந்தாலும் திரையில் எழுதிக் காட்டும், கூவிக் காட்டும். இரவு முழுவதும் பனி கொட்டியிருந்தது. பல்கனிக் கதவு மூடியிருந்தது, திரைகூட இல்லாத வெறும் கண்ணாடி. தரிப்பிட வாசலுக்கு வந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

காரை நிறுத்தி இறங்கி, திரும்பி நடந்துபோய், கார் நின்ற சதுரத்தைக் குனிந்து பார்த்தேன். பழைய பனிதான் இருந்தது, ஒரு கறையும் இல்லை. ஒன்றுமில்லை என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்க் காரில் ஏறினேன்.